ஒன்பது ஊர்த் தண்ணீர்

2012 மே 20 — ரூ. 64
2012 ஆகஸ்ட் 30 — ரூ. 118
2013 பிப்ரவரி 3 — ரூ. 236
2014 ஜனவரி 25 — ரூ. 1,910
2015 பிப்ரவரி 11 — ரூ. 2,075
2016 பிப்ரவரி 21 — ரூ. 3,480
2017 டிசம்பர் 3 — ரூ. 4,260
2018 நவம்பர் 25 — ரூ. 5,925
2019 நவம்பர் 17 — ரூ. 3,150
2023 டிசம்பர் 10 — ரூ. 11,390

மேலே இருப்பது அங்கமுத்து என்பவர் தண்ணீர் குடிக்கப் போய்வந்த செலவு. பஸ், ரயில், சாப்பாடு, தங்கிய இடம் எல்லாம் இதில் அடக்கம். தேதி, அவர் குடித்த நாளின் தேதி. ஒவ்வொரு முறையும் குடித்தது ஒரு டம்ளர்.

அங்கமுத்துவை எனக்கு 1980 முதல் தெரியும். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி நிறுவனம் ஒன்றில் நான் கணக்கெழுதினேன். அந்த வருடம் அவர் ராடு தூக்கும் ஆளாகச் சேர்ந்தார். ஐந்து வருடத்தில் டிரில்லர் ஆனார். வண்டிக்குப் பின்னால் நின்று லீவரைப் பிடித்து, இருபது அடி ராடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கல்லைக் குடைகிறவரைத்தான் டிரில்லர் என்பார்கள். 2011 வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

எங்கள் ஊர் ரிக் வண்டிகள் எங்கள் ஊரில் நிற்பதில்லை. கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம், அதற்கும் மேலே ராஜஸ்தான் வரை போகும். மழைக்காலத்தில் வண்டி பட்டறைக்குத் திரும்பும்போது ஆட்களும் திரும்புவார்கள். அங்கமுத்துவுக்கு மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

“மாப்பிள்ளை வருசத்துல எத்தனை நாள் ஊட்டுல இருப்பாருங்க?”

“அறுவது நாளுங்க,” என்று இவரே முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவார். நான்காவது வீட்டுக்கு யாரும் அழைத்துப் போகவில்லை. சங்ககிரி ரோட்டில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தார். கூடப் பிறந்தவர் ஒரு தங்கை, சாலம்மாள். எடப்பாடியில் விசைத்தறி போட்டிருக்கிறார்.

2011 அக்டோபரில் மூச்சு முட்டி சேலத்தில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சு முழுக்கக் கல்தூசி என்றார்கள். இனி ரிக் பக்கம் போகக்கூடாது. கணக்கு முடித்துக்கொள்ள ஆபீசுக்கு வந்தவர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ரைட்டரய்யா, நான் டிரில்லரா நின்னு மொத்தம் எத்தனை போர் போட்டிருக்கறனுங்க? உங்க நோட்டுல இருக்குமில்லீங்க?”

இருந்தது. எண்ணிச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. 4,312.

அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு, “இத்தனை போட்டும் ஒரு போருல கூடத் தண்ணி குடிச்சதில்லைங்க,” என்றார்.

நான் நம்பவில்லை. அது எப்படி என்று கேட்டேன்.

“தண்ணி அடிக்கறப்ப மோரு மாதிரி வெள்ளையா வருமுங்க. அத்தனையும் கல்லு மாவு. மோட்டார் எறக்கிப் பத்து நாள் ஓட்டுனாத்தான் தெளியும். அதுக்குள்ள நாம நாலு ஊர் தாண்டியிருப்பமுங்க. தேங்கா ஒடைப்பாங்க, துண்டு போத்துவாங்க, கும்பிடுவாங்க. நமக்குக் குடிக்கறதுக்குக் கேனுத் தண்ணி பின்னால லாரியில வருமுங்க.”

“இப்ப என்ன செய்யலாங்கிறீங்க?”

“போயி ஒரு டம்ளர் குடிச்சுப்போட்டு வரோணுமுங்க. எல்லாத்துக்கும் முடியாது. ஒம்பது போதும்.”

“அதென்ன கணக்கு ஒன்பது?”

“கண்ணை மூடுனா ஒம்பதுதானுங்க தெரியுது. மத்ததெல்லாம் வெறும் அடிக்கணக்கு.”

அந்த ஒன்பதையும் அவர் சொல்லச் சொல்லப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். அவருக்குப் பிறகு ஒரு நூல் குடோனில் காவல் வேலை கிடைத்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வருடத்துக்கு ஒன்றிரண்டாகப் போகத் தொடங்கினார். சாலம்மாளுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

“தண்ணி குடிக்க ராஜஸ்தான் போறானாமுங்க எங்கண்ணன்! எங்கூட்டுக் கொழாயில என்ன சாராயமா வருது?”

முதலில் போனது சங்ககிரிக்கு அருகே ஒரு பள்ளிக்கூடம். டிரில்லராகி அவர் போட்ட முதல் போர் அது. ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார். காவல்காரர் கேட்டைத் திறக்கவில்லை.

“லீவு நாள்ல இங்க என்னய்யா வேலை?”

“ஒரு வாய் தண்ணி குடிக்கோணுமுங்க.”

“வழியில ஒரு கடைகூடவா இல்ல?”

“இந்தப் போர் நான் போட்டதுங்க.”

“அப்படியா? மோட்டார் ஓடி மூணு நாளாச்சு. போட்டவன்தானே, அதையும் பாத்துட்டுப் போ.”

கடைசியில் உள்ளே விட்டு, தொட்டியில் தேங்கியிருந்த தண்ணீரைக் காட்டி, இதுதான் உன் போருத் தண்ணி, குடி என்றிருக்கிறார். அங்கமுத்து கையோடு கொண்டுபோன எவர்சில்வர் டம்ளரில் பிடித்துக் குடித்தார். நேரே என் வீட்டுக்கு வந்து, “இரும்பு வாசமுங்க,” என்றார். அதையும் தேதிக்கு எதிரே குறித்தேன். அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் திரும்பியதும் என் வீட்டுக்கு வருவார். பத்து நிமிடம் உட்காருவார். செலவையும் ருசியையும் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். வேறு யாரிடமும் அவர் சொன்னதாகத் தெரியவில்லை. நானும் என் மனைவி போனபின் வேறு யாரையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்ததில்லை.

ஓமலூரில் இவர் போர் போட்ட மஞ்சள் காடு கல்யாண மண்டபமாகியிருந்தது. போன நாளில் அங்கே ஒரு கல்யாணம். வாசலில் பன்னீர் தெளித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், “தம்பி பொண்ணூடா, மாப்பிள்ளையூடா?” என்று கேட்டார்.

“போர் போட்ட ஊடுங்க,” என்றாராம் இவர்.

பெரியவர் தலையாட்டிவிட்டு ரசத்துக்கு இலையைத் தடுத்தாராம். சாப்பிட்டுவிட்டுச் சும்மா வருவது முறையில்லை என்று மொய் மேஜையில் ஐம்பத்தொரு ரூபாய் வைத்தார். 118 ரூபாயில் அதுவும் சேர்த்தி. கை கழுவும் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார். ருசி: சப்பை.

தம்மம்பட்டியில் காட்டுக்காரர் இவரை உட்காரவைத்து நன்றாகத்தான் பேசினார். கிளம்பும்போது, “சரி, இப்ப அடி என்ன ரேட்டு? எந்தக் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிற?” என்று கேட்டிருக்கிறார். தண்ணீர் குடிக்க மட்டும் ஒரு மனிதன் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வருவான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. ருசி: நல்ல தண்ணீர்.

பிறகு தூரத்து ஊர்கள். அனந்தப்பூர் மாவட்டத்தில் இரண்டு. லாத்தூர் பக்கம் ஒன்று. அதற்கும் மேலே சத்தீஸ்கரில் துர்க். அங்கே அவர் போனபோது ஊரே வயலுக்குப் போயிருந்தது. நாய்கூட இல்லை என்றார். அது கையால் அடிக்கும் பம்பு.

“அடிபம்புல ஒத்தையாளு குடிக்கறது கஷ்டமுங்க. இந்தப் பக்கம் அடிச்சுப்போட்டு அந்தப் பக்கம் டம்ளரத் தூக்கிட்டு ஓடோணும். போறதுக்குள்ள நின்னுபோகுது. நாலு தரம் ஓடுனனுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்தேன். ராஜஸ்தானில் தண்ணீர் உப்பு. இரண்டு நாள் ரயிலில் போய் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு நாள் ரயிலில் திரும்பி வந்தார். எட்டு முடிந்தது.

ஒன்பதாவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

1996ஆம் வருடப் பொங்கலின்போது இவர்கள் வண்டி கர்நாடகத்தில் ராய்ச்சூர் மாவட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. லம்பாடி மக்கள் குடியிருக்கும் ஒரு தாண்டாவில் போர் போடும்போது, பாறையைக் குத்தும் ஹேமர் அடியில் சிக்கிக்கொண்டது. எடுக்க முடியவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து வேறு ஹேமர் போய்ச் சேரும்வரை வண்டி ஆறு நாள் நின்றது. ஓரிடத்தில் ஆறு நாள் நிற்பது ரிக் ஆட்களுக்கு வாய்க்காத விஷயம். கேன் தண்ணீரும் தீர்ந்துபோனது. பக்கத்து வீட்டில் சீதாபாய் என்ற பெண் இவர்களுக்குச் சோள ரொட்டி தட்டிப் போட்டார். அவருக்குப் பத்து வயதில் ஒரு பெண், நான்கு வயதில் ஒரு பையன். பெண்தான் மூன்று கிலோமீட்டர் நடந்து ஏரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தத் தண்ணீரைத்தான் பன்னிரண்டு ரிக் ஆட்களும் ஆறு நாள் குடித்தார்கள்.

ஹேமர் வந்தபின் முதல் குழியை அப்படியே விட்டுவிட்டு, பத்தடி தள்ளி இரண்டாவது குழி போட்டார்கள். 410 அடியில் தண்ணீர் பீறிட்டது. ஒரு மணி நேரத்தில் ஏஜென்ட் அடுத்த இடத்துக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார். சீதாபாய் வண்டிக்குக் குறுக்கே வந்து, தெளிந்தபின் ஒரு செம்பு குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கன்னடத்தில் சண்டை போட்டாராம். ஒரு மாதம் கழித்து இந்த வழியாகத்தான் திரும்புவோம், அப்போது வந்து குடிக்கிறேன் என்றார் அங்கமுத்து. வண்டி திரும்பவில்லை. அங்கிருந்தே மகாராஷ்டிரத்துக்குப் போய்விட்டது.

“வந்து குடின்னு என்னை ஒருத்தர் கூப்பிட்டது அந்த ஒரு ஊட்டுலதானுங்க,” என்றார் என்னிடம்.

அந்த ஊரின் பெயர் அவருக்குத் தெரியாது. என் நோட்டிலும் இல்லை. வெளி மாநிலத்தில் விவசாயிகளிடம் பேசிப் பணம் வாங்கித் தருகிறவர் ஏஜென்ட். அதனால் பில் ஏஜென்ட் பெயரில்தான் எழுதப்படும். அவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போவார், வண்டிகள் பின்னால் போகும். ஆபீசுக்கு வரும் சீட்டில் ஏஜென்டின் டவுன் மட்டும் இருக்கும். நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: லிங்சுகூர் ஏஜென்ட், 410 அடி, தண்ணீர் வரத்து ஒன்றரை இஞ்ச். தொழில் முழுவதிலும் அப்படித்தான் எழுதினார்கள். ஒருவன் இருபத்து மூன்று வருடம் கழித்து டம்ளரோடு புறப்படுவான் என்று யார் கண்டது?

2019இல் லிங்சுகூர் போய் விசாரித்தார். ஏஜென்ட் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. யாரோ ஒரு தாண்டாவுக்கு வழி காட்டினார்கள். அங்கே ஒரு போரில் குடித்தும்விட்டார். பிறகு சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். பத்தடியில் மூடிய குழி எதுவும் இல்லை.

“அது இல்லீங்க,” என்றார் திரும்பி வந்து. “வேற எவனோ போட்ட போருங்க.”

செலவை எழுதிக்கொண்டேன். ருசியை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கொரோனா வந்தது. இவருக்கும் வந்து போனது. அதன்பின் மாடிப்படி ஏற முடியாது; பத்து எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். குடோன் வேலையும் போயிற்று. 2022 தீபாவளிக்கு அவர் அறைக்குப் போனேன். அடுப்பின் மேல் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வைத்தால் மூச்சு விடுவது கேட்கவில்லை, பயமாக இருக்கிறது என்றார்.

நான் கடிதம் எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டேன். லிங்சுகூர் வட்டாரத்தின் கிளை அஞ்சலகங்கள் எல்லாம் பின்கோடு புத்தகத்தில் இருந்தன. முப்பத்தொன்று. ஒவ்வொரு ஊர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போட்டேன். பத்தடி இடைவெளியில் இரண்டு குழி, ஒன்று மூடியது, பக்கத்தில் சீதாபாய் வீடு என்று அடையாளம் எழுதினேன். மாதத்துக்கு இரண்டு மூன்றாக அனுப்பியதில் ஒரு வருடம் ஓடியது. ஒன்பது பேர் பதில் எழுதினார்கள். எட்டுப் பேர் இல்லை என்றார்கள். ஒருவர், இருக்கிறது, வாருங்கள் என்றார். சீதாபாய் மகனோடு கோவாவுக்குப் பிழைக்கப் போய்விட்டதாகவும் எழுதியிருந்தார்.

சாலம்மாள் பிடிவாதமாக மறுத்தார். “பாட்டில்ல புடிச்சு அனுப்பச் சொல்லுங்க. இவன் போயி என்னத்தப் பண்றான்?”

“பாட்டில்ல வந்தா அது கடைத் தண்ணி சாலா,” என்றார் அண்ணன்.

அதனால் அந்தப் பயணத்துக்கு நானும் போனேன். சேலத்தில் ரயில் ஏறி ராய்ச்சூரில் இறங்கி ஒரு கார் வைத்துக்கொண்டோம். முப்பத்தைந்து வருடம் ஆயிரக்கணக்கான போர்களை எழுதிய நான், போர் போட்ட இடம் ஒன்றை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

இடம் சரியானதுதான். ஒரு குழியைக் கருங்கல் பலகை வைத்து மூடியிருந்தார்கள். பத்தடி தள்ளி அடிபம்பு நின்றது. அதன் கைப்பிடி, தண்ணீர் விழும் வாய், இரண்டுக்கும் சிவப்பு வண்ணம் அடித்திருந்தது.

தலைமை ஆசிரியர் விளக்கினார். 2008இல் அரசு ஆட்கள் வந்து தண்ணீரைச் சோதித்தார்கள். புளோரைடு உப்பு அளவுக்கு மேல் இருந்தது. ஆழத்துப் பாறையில் இந்தப் பக்கம் எங்கும் அப்படித்தான். சிவப்பு அடித்தால் குடிக்கக் கூடாது என்று அர்த்தம். இப்போது ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது. இந்தப் பம்பில் துணி துவைக்கிறார்கள், மாட்டைக் குளிப்பாட்டுகிறார்கள். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் தாண்டாவே இதைத்தான் குடித்தது. அந்த வருடங்களில் வளர்ந்தவர்களுக்குப் பல் பழுப்பு, சிலருக்கு முட்டியும் முதுகும் வளையாது.

இதை அங்கமுத்துவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தேவையிருக்கவில்லை. அவர் ஏற்கனவே பம்படியில் நின்ற ஓர் இளைஞனிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். அவன் உதட்டை விலக்கிப் பல்லைக் காட்டினான். ரிக் வந்ததோ ஆட்கள் தங்கியதோ அங்கே யாருக்கும் நினைவில்லை. எந்த ரிக், பத்து வந்திருக்கும் என்றார்கள்.

அங்கமுத்து பையிலிருந்து டம்ளரை எடுத்தார்.

“வேண்டாம் அங்கமுத்து. சிவப்பு அடிச்சிருக்கே.”

“முப்பது வருசம் கல்லு மாவைத் தின்னவனுக்கு ஒரு டம்ளர் என்னங்க பண்ணிப்போடும்?”

“வந்தாச்சு, பார்த்தாச்சு. குடிச்சே தீரணும்னு என்ன கட்டாயம்?”

“அவங்க குடிச்சாங்கல்லீங்க,” என்றார்.

நான் பம்பை அடித்தேன். அவர் பிடித்துக் குடித்தார். கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்துவிட்டு டம்ளரை உதறினார்.

“நல்லாத்தானுங்க இருக்குது. அதுதானுங்க மோசம்.”

ரயில் குண்டக்கல்லைத் தாண்டியது. ஒன்பதும் முடிந்துவிட்டது என்று நான்தான் ஆரம்பித்தேன். அவர் தலையை அசைத்து மறுத்தார்.

“முடியலீங்க ரைட்டரய்யா. அந்தப் பையன் அப்ப நாலு வயசு. ரொட்டியக் கையில வெச்சுட்டு ரிக்கைச் சுத்திச் சுத்தி வருவான். அவனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியோணுமுங்க. ஊருக்கு நல்லது பண்ணுனனா, வெசம் வெச்சுப்போட்டு வந்தனான்னு எனக்கு இப்பத் தெரியலீங்க.”

பாறையில் உப்பு இருந்தால் டிரில்லர் என்ன செய்வார், போடச் சொன்னவர்கள் அவர்கள், சோதிக்க வேண்டியது வேறு ஆள் என்றெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் “ஆமாங்க” என்றார். எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

தலைமை ஆசிரியர் கோவா முகவரியைத் தேடி அனுப்ப ஜனவரி ஆயிற்று. கடிதத்தை அங்கமுத்து சொன்னபடியே எழுதினேன். நான் ரிக் டிரில்லர். உங்கள் வீட்டில் ஆறு நாள் சாப்பிட்டவன். வந்து குடிக்கிறேன் என்று சொன்னேன், தாமதமாகிவிட்டது, இப்போதுதான் வந்து குடித்தேன். பம்புக்குச் சிவப்பு அடித்திருந்தது. அந்தத் தண்ணீர் உங்கள் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று மறைக்காமல் எழுதுங்கள். ஜனவரி 22 அன்று தபாலில் சேர்த்தேன்.

பிப்ரவரியில் அவரைச் சாலம்மாள் எடப்பாடிக்குக் கூட்டிப் போய்விட்டார். படுக்கை தறிக் கூடத்துக்குப் பக்கத்து அறையில். நான் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போவேன். என்னைக் கண்டால் சாலம்மாள் தறியை நிறுத்துவார். சத்தம் நின்றதும் உள்ளே அவருக்கு நான் வந்திருப்பது தெரிந்துவிடும். நான் உள்ளே நுழையும்போது அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார், சட்டைப் பையைத்தான் பார்ப்பார்.

“இல்லீங்களா?”

“இன்னும் இல்லை.”

“எழுதமாட்டாங்க. நானா இருந்தாலும் எழுதமாட்டேன்.”

பிறகு இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம். வெளியே தறி மறுபடி ஓடத் தொடங்கும். பிப்ரவரியில் நான்கு சனி, மார்ச்சில் ஐந்து. கடைசிச் சில வாரங்களில் அவர் கேட்பதையும் நிறுத்தியிருந்தார்.

அங்கமுத்து 2024 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை காலை, எடப்பாடியில் காலமானார். வயது அறுபத்தேழு. எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பியபின், சாலம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“எல்லாத்தையும் முடிச்சுப்போட்டுத்தான் போனானுங்களா? இல்ல, மனசுல ஏதாச்சும் மிச்சம் வெச்சுட்டுப் போனானுங்களா? எனக்கு அவன் ஒண்ணும் சொன்னதில்லீங்க.”

கோவாவிலிருந்து வந்த பதிலை அவருக்கும் படித்துக் காட்டினேன். அண்ணன் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு அதைப் படித்துக் காட்டியிருந்தேன், அப்போது சாலம்மாள் தறியில் இருந்தார்.

சீதாபாய் சொல்ல, பேத்தி ஆங்கிலத்தில் எழுதியது. ஒன்றரைப் பக்கம். தமிழில் அது இப்படி வரும்:

“உங்களை நினைவிருக்கிறது. ரொட்டிக்கு மிளகாய்ப் பொடி போதும், நெய் வேண்டாம் என்றவர் நீங்கள்தானே? வருவீர்கள் என்று இரண்டு மூன்று மாதம் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். என் மகனுக்குப் பல் பழுப்பேறிப்போயிற்று. முட்டி மடங்காது, கீழே உட்கார முடியாது. தண்ணீரால்தான் என்று டாக்டர் சொன்னபோது உங்கள் எல்லோரையும் திட்டினேன். என் மகள் அந்தத் தண்ணீர் வந்த வருடம்தான் குடத்தை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். இன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். எங்கள் தாண்டாவில் படித்த முதல் பெண் அவள். ஒரு பிள்ளைக்கு அப்படி, ஒரு பிள்ளைக்கு இப்படி. இதில் எதை உங்கள் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களும் எழுத வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். சிவப்பு அடித்திருப்பதைப் பார்த்தும் எதற்காகக் குடித்தீர்கள்? இந்த வயதில் உங்களுக்கு அறிவில்லையா? பக்கத்தில் இருந்தவர்கள் தடுக்கவில்லையா?”

அங்கமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மகனைப் பற்றிய இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, படியுங்கள் என்று விரலை அசைத்தார். முடிந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் பிடித்தது.

“திட்டறாங்க பாருங்க,” என்றார்.

“என்னையும் சேர்த்துத்தான்.”

“அந்த எடத்தை இன்னொருக்காப் படியுங்க.”

படித்தேன். அறிவில்லையா என்ற இடத்தில் அவரும் கூடவே உதட்டை அசைத்தார். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னார். பிறகு கொஞ்சம் தண்ணீர் கேட்டார். சொம்பிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன், குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“பையன் முட்டிக்கு என்ன வைத்தியம் பாக்கறாங்கன்னு கேட்டு ஒரு வரி எழுதுங்க,” என்றார். அடுத்த நாளே எழுதினேன். அதற்குப் பதில் இன்றுவரை இல்லை. அவருடைய பெயருக்குக் கடைசியாக வந்த கடிதம் அந்த ஒன்றரைப் பக்கம்தான். காலைத் தபாலில் என் வீட்டு முகவரிக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, அடுத்த பஸ்ஸில் எடப்பாடிக்குக் கொண்டுபோனேன். உறையின் மூலையில் வந்த தேதியை எழுதியிருக்கிறேன்: 2024 ஏப்ரல் 6, சனிக்கிழமை.